கஞ்சா: ஒரே செடி, இலைக்கு ஒரு சட்டம், பூவுக்கு ஒரு சட்டம்

நம்ம ஊர் பேப்பர்ல கஞ்சா நியூஸ் இல்லாத நாள் ரொம்ப கம்மி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ரெண்டு கிலோவோட வாலிபர் கைது, தேனி ரோட்டுல கார மறிச்சு மூட்டை மூட்டையா பறிமுதல்னு ஏதாவது ஒண்ணு ஓரமா கெடக்கும். அதே சமயம் 2017-ல பிக் பாஸ் முதல் சீசன் ஓடுனப்ப நடுவீட்டுல உக்காந்து பாட்டி, பேரன், பேத்தி எல்லாரும் "கஞ்சா கருப்பு இந்த வாரம் வெளிய போயிருவாரா"ன்னு சாதாரணமா பேசிக்கிட்டோம், யாருக்கும் ஒண்ணும் உறுத்தல. இம்புட்டு பழக்கமான பேரு, ஆனா அது என்ன செடி, அதுல எதுக்கு தடை எதுக்கு தடை இல்லன்னு கேட்டா பாதிப்பேரு முழிப்பாய்ங்க, மீதிப்பேரு வாட்ஸ்அப்ல வந்தத அப்படியே ஒப்பிப்பாய்ங்க. அதனால சுத்தமா ஒண்ணுமே தெரியாதவங்களுக்கு முதல்ல இருந்து சொல்லிரலாம்.

செடியில இருந்து ஆரம்பிப்போம். கை விரிச்ச மாதிரி அஞ்சு, ஏழுன்னு விரல் விரலா இலை இருக்கும்ல, எல்லாரும் படத்துல பாத்திருப்பீங்க. பீருக்கு கசப்பும் வாசனையும் குடுக்குற ஹாப்ஸ்னு ஒரு கொடி இருக்கு, அது இதுக்கு ஒண்ணுவிட்ட சொந்தம், ரெண்டும் ஒரே குடும்பத்து செடி. இதுல ஆண் செடி தனி, பெண் செடி தனி. பெண் செடியோட பூவுல பொடிப்பொடியா முடி மாதிரி சுரப்பிகள் இருக்கும், அதுல ஒட்டுற மாதிரி ஒரு பிசின் ஊறும். தலைய சுத்த வைக்கிற டிஎச்சிங்கிற ரசாயனம் பெருவாரியா அந்த பிசின்லதான் இருக்கு. இலையில கொஞ்சூண்டு, விதைக்குள்ள இல்லவே இல்லன்னு சொல்லலாம், தண்டுல வெறும் நார்தான். பூத்த நுனிய காயவச்சா அது கஞ்சா, பிசின மட்டும் தனியா எடுத்தா சரஸ், இலைய அரைச்சா பாங். இந்த மூணையும் பிரிச்சு மனசுல வச்சுக்கிட்டா போதும், கீழ வர்ற எல்லாக் கதையும் புரியும்.

நம்ம தென்னை மரத்தையே எடுத்துக்கோங்க, தேங்காய விக்கலாம், கயிறு திரிக்கலாம், ஓலையில கீத்து முடையலாம், ஒருத்தன் கேக்க மாட்டான், ஆனா அதே மரத்துல ஏறி கள்ளு இறக்குனா தமிழ்நாட்டுல கேஸ். கஞ்சா செடி விஷயத்துல உலகம் பூரா நடந்ததும் நடக்குறதும் ஏறக்குறைய இதே பஞ்சாயத்துதான், எந்த பாகம் சரி, எந்த பாகம் தப்பு, அத யாரு முடிவு பண்றதுன்னு.

எங்க பெரியப்பா காசிக்குப் போயிட்டு வந்து வாய பொளந்துக்கிட்டு சொன்னாரு, "ஏப்பா, அங்க கவர்மென்டே கடை வச்சிருக்கான்ப்பா, போர்டுல சர்க்காரின்னு போட்டிருக்கு, ஆளு உக்காந்து அம்மியில பச்சை பச்சையா அரைச்சு உருட்டி வைக்கிறான், சாமியாருக மட்டும் இல்ல, பேங்க் வேலைக்குப் போற மாதிரி டிப்டாப்பா இருக்குற ஆளுகளும் வாங்கி வாயில போட்டுக்கிட்டு போறாய்ங்க"ன்னு. அவரு பொய் சொல்லல. உத்தரப்பிரதேசம், ராஜஸ்தான் மாதிரி மாநிலங்கள்ல பாங்குக்கு அரசாங்க லைசென்ஸோட கடை உண்டு. 1985-ல கொண்டு வந்த போதைப்பொருள் தடுப்பு சட்டத்துல கஞ்சான்னா என்னன்னு எழுதும்போது பூத்த நுனியும் பிசினும்தான் கணக்குன்னு எழுதிட்டாங்க, பூ இல்லாம தனியா இருக்குற இலையும் விதையும் அந்த வரையறைக்குள்ள வராது. இலைய என்ன செய்றதுங்கிறத மாநிலங்க பாத்துக்குது. நம்ம தமிழ்நாட்டுல அப்படி கடை எல்லாம் கிடையாது, அசாம்ல 1958-லயே பாங்குக்கும் சேத்து தடை போட்டுட்டாங்க. அதனால "மத்திய சட்டத்துல பாங் இல்ல, அப்ப எங்கயும் அடிக்கலாம்"னு யாராச்சும் சட்டம் பேசுனா நம்பிறாதீங்க, ஊருக்கு ஊரு மாறும். இன்னொண்ணு, ஹோலிக்கு பாங் கலந்து குடிக்கிறது தண்டாய், நம்ம மதுரை விளக்குத்தூண் பக்கம் குடிக்கிறது ஜிகர்தண்டா, பேரு கிட்டத்தட்ட ஒண்ணா இருக்குன்னு வெளியூர் பசங்க ஒரு மாதிரி சிரிச்சுக்கிட்டே "இதுலயும் இருக்குமாண்ணே"ன்னு கேப்பாய்ங்க. பாலு, கடல்பாசி, நன்னாரி, ஐஸ்கிரீம், அம்புட்டுதான் தம்பி, போயிரு.

சரி, இலைய மட்டும் ஏன் விட்டாங்க? அதுக்கு 1961-க்கு போகணும். போதைப்பொருள் பத்தி உலக நாடுகள் சேந்து ஒரு ஒப்பந்தம் போட்டுச்சு. கஞ்சாவையும் அபின், ஹெராயின் இருக்குற பட்டியல்ல சேத்து உலகம் பூரா நிறுத்தணும்னு பேச்சு வந்தப்ப, எங்க ஊர்ல சிவராத்திரி, ஹோலின்னு சாமி காரியத்துக்கு பாங் குடிக்கிற பழக்கம் காலங்காலமா இருக்கு, அதுல கை வைக்க முடியாதுன்னு இந்தியா நின்னுச்சு. கடைசில ஒப்பந்தத்துல இலையும் விதையும் வரையறைக்கு வெளிய போச்சு, மத்ததுக்கு 25 வருஷம் அவகாசம் குடுத்தாங்க. அந்த கெடு முடியிறதுக்கு கொஞ்ச வருஷம் முன்னாடி வந்ததுதான் நான் மேல சொன்ன 1985 சட்டம். அதுக்கு முன்னாடி வடக்க பல ஊர்ல கஞ்சாவே லைசென்ஸ் கடையில கிடைச்ச காலம் ஒண்ணு இருந்துச்சு, இப்ப சொன்னா கதை விடுறான்னு சொல்வீங்க.

அத விட பெரிய கதை வெள்ளக்காரன் காலத்துல நடந்துச்சு, எனக்கு இந்த மொத்த வரலாறுலயும் ரொம்ப பிடிச்ச கட்டம் இதுதான். 1893-ல லண்டன் பார்லிமென்ட்ல வில்லியம் கெய்ன்னு ஒரு எம்பி, மது ஒழிப்பு ஆளு, இந்தியாவுல கஞ்சா குடிச்சு ஜனங்க பைத்தியமா அலையுதாமே, அத வித்து வர்ற வரிக்காசு நமக்கு தேவையான்னு கேள்வி எழுப்புனாரு. அரசாங்கம் உடனே ஒரு கமிஷன் போட்டுச்சு, ஏழு பேரு, அதுல மூணு பேரு இந்தியர். ஊர் ஊரா சுத்தி 1,193 சாட்சிகள விசாரிச்சாங்க, டாக்டர், தாசில்தார், விவசாயி, சாமியார், வியாபாரின்னு ஒருத்தரையும் விடல. அறிக்கை மூவாயிரம் பக்கத்துக்கு மேல போச்சு. இதுல முக்கியமா அவங்க செஞ்ச வேலை என்னன்னா, பைத்தியக்கார ஆஸ்பத்திரி ரெஜிஸ்டர்ல "நோய்க்கு காரணம்: கஞ்சா"ன்னு எழுதியிருந்த கேஸ்கள எடுத்து ஒவ்வொண்ணா நோண்டுனாங்க. பாத்தா நிறைய கேஸ்ல ஆளக் கொண்டு வந்த போலீஸ்காரர் ஏதோ ஒரு காரணம் எழுதணுமேன்னு எழுதுனது, இல்லன்னா ஆஸ்பத்திரி கிளார்க் அந்த இடத்த நிரப்ப போட்டது, ஒழுங்கா விசாரிச்சு எழுதுனதே இல்ல. அளவா எடுக்குறவங்களுக்கு சொல்லிக்கிற மாதிரி பெரிய கெடுதல் இல்ல, அளவு மீறுனா கெடுதல் உண்டு, தடை போடுறது தேவையில்லாதது, லைசென்ஸ் வச்சு வரி போட்டு கட்டுப்படுத்துங்கன்னு 1894-ல எழுதிக் குடுத்துட்டு போயிட்டாங்க. அரசாங்கத்துக்கு வரி வருமானம் மேல ஒரு கண்ணு இருந்துச்சுங்கிறதையும் மறக்க வேணாம், ஆனா அந்த காலத்துக்கு அவ்வளவு பொறுமையா விசாரிச்சது ஆச்சரியம்தான். ஒண்ணு மட்டும், இத வச்சுக்கிட்டு "பாத்தியா வெள்ளக்காரனே சொல்லிட்டான் கெடுதல் இல்லன்னு"ன்னு வாதம் பண்றவங்க அவங்க பாத்தது 130 வருஷத்துக்கு முந்தின நாட்டுச் சரக்குங்கிறத மறந்துர்றாங்க. அமெரிக்காவுல போலீஸ் பிடிச்ச சரக்க டெஸ்ட் பண்ணதுல 1995 வாக்குல 4 சதவீதமா இருந்த டிஎச்சி 2014-ல 12 சதவீதமா ஏறியிருந்துச்சு. அதாவது இருவது வருஷத்துல மூணு மடங்கு.

கமிஷனுக்கு அம்பது வருஷம் முன்னாடி கல்கத்தா மெடிக்கல் காலேஜ்ல ஓஷானசின்னு ஒரு அயர்லாந்து டாக்டர் இருந்தாரு. ஊர்க்காரங்க இந்த செடிய மருந்தா குடுக்குறத பாத்து, முதல்ல நாய், ஆடு, மீனுன்னு மிருகங்களுக்கு குடுத்துப் பாத்தாரு, அப்புறம் இழுப்பு, வாதம், வெறிநாய்க்கடி நோயாளிகளுக்கு குடுத்தாரு. வெறிநாய்க்கடிக்கு அது மருந்து இல்ல, ஆனா அந்த கடைசி நேர சித்திரவதை கொஞ்சம் தணிஞ்சதுன்னு எழுதி வச்சாரு. 1839-ல அவரு வெளியிட்ட கட்டுரை வழியாத்தான் மேலை நாட்டு வைத்தியத்துக்குள்ள கஞ்சா முறைப்படி நுழைஞ்சுது, அதுக்கப்புறம் அமெரிக்க மருந்துப் பட்டியல்லயே ஏறி 1942 வரைக்கும் இருந்துச்சு. இதே மனுஷன் இந்தியாவுக்கு வர்றதுக்கு முன்னாடி, காலரா வந்தவங்க ரத்தத்துல உப்பும் தண்ணியும் கொறையுது, அத திருப்பி ஏத்துனா பொழைக்கலாம்னு சொன்னவரு, இன்னைக்கு ஆஸ்பத்திரில ஏத்துற சலைனோட விதை அது. அதோட விட்டாரா, 1850-கள்ல கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மெட்ராஸ்னு தந்திக் கம்பி இழுத்த வேலைக்கும் அவருதான் தலைவரு. கஞ்சா, சலைன், தந்தி மூணுக்கும் ஒரே ஆளு, எந்த பாடப்புத்தகத்துலயும் நான் இவர பாத்ததில்ல.

விக்டோரியா ராணி வயித்துவலிக்கு கஞ்சா எடுத்தாங்கன்னு ஒரு ஃபார்வர்டு சுத்துதுல்ல, அதுக்கு ஆதாரம் இல்ல. அவங்க டாக்டர்கள்ல ஒருத்தரான ரெனால்ட்ஸ் 1890-ல கஞ்சாவ மருந்தா புகழ்ந்து ஒரு மெடிக்கல் பத்திரிகையில எழுதுனாரு, அம்புட்டுதான் நிஜம், மீதி ஒட்டு வேலை. அமெரிக்க சுதந்திரப் பிரகடனம் கஞ்சா நார் பேப்பர்ல எழுதுனதுங்கிறதும் அதே கேஸ்தான், அது தோல்ல எழுதுனது. ஆனா ஜார்ஜ் வாஷிங்டன் தோட்டத்துல இந்த செடி வளத்தாருங்கிறது உண்மை, 1765 டைரில ஆண் செடி பெண் செடிய பிரிச்ச விஷயத்தக்கூட குறிச்சிருக்காரு, ஆனா அது நாருக்கு, கயிறுக்கு.

இப்ப ஜமைக்கா. அந்த ஊர் பாட்டுக்காரர் பாப் மார்லி படம் போட்ட டீ-ஷர்ட் இல்லாத துணிக்கடை டவுன்ஹால் ரோட்டுல கிடையாது, போடுற பயலுக்கு அவரு யாருன்னே தெரியாது, அது வேற விஷயம். கஞ்சான்னா ஜமைக்கா, ஜமைக்கான்னா கஞ்சான்னு உலகமே நினைக்குது, ஆனா அங்க அந்த பழக்கத்தையும் பேரையும் கொண்டு போனது நம்ம நாட்டு கூலி ஜனங்கதான். அடிமை முறைய ஒழிச்ச பிறகு கரும்புத் தோட்டத்துக்கு ஆள் பத்தல, உடனே இந்தியாவுல இருந்து ஒப்பந்தம் போட்டு ஏத்துனாங்க. நம்ம பக்கத்து ஆளுகள கங்காணி வந்து கண்டிக்கும் மலாயாவுக்கும் கூட்டிட்டுப் போனாரு, இது இன்னும் தூரம். 1845 மே 10-ம் தேதி முதல் கப்பல் ஜமைக்கா போய் சேந்துச்சு, கல்கத்தா, மெட்ராஸ் ரெண்டு துறைமுகத்துல இருந்தும் ஆளுக போனாங்க, 1917 வரைக்கும் மொத்தம் 36,000 பேருக்கு மேல. போனவங்க கறி மசாலாவும் கொண்டு போனாங்க, அங்க இன்னைக்கும் கல்யாணம் காட்சிக்கு ஆட்டுக்கறி குழம்பு இல்லாம முடியாது. கஞ்சாவும் கூடவே போச்சு. வேலை முடிஞ்சு உடம்பு வலிக்கு புகைச்சவங்களோட தோட்டத்துல கூட வேலை பாத்த கறுப்பின மக்களும் சேந்துக்கிட்டாங்க. 1913-ல அங்க தடைச் சட்டம் போட்டப்ப "கஞ்சா"ங்கிற நம்ம வார்த்தையத்தான் சட்டத்துலயே எழுதுனாங்க. ராஸ்தஃபாரி மதம் வந்தது 1930-கள்ல, அவங்களுக்கு அது பிரசாதம் மாதிரி. 2015-ல சட்டத்த தளர்த்தி, ரெண்டு அவுன்ஸ் வரைக்கும் வச்சிருந்தா கிரிமினல் கேஸ் இல்ல, சின்ன அபராதம் மட்டும்தான்னு ஆக்கிட்டாங்க, ராஸ்தஃபாரிகளுக்கு வழிபாட்டுக்கு அனுமதியும் குடுத்தாங்க.

ரொம்ப பழைய சங்கதி வேணும்னா, கிரேக்க வரலாற்று ஆசிரியர் ஹெரோடோட்டஸ் சுமார் 2,450 வருஷம் முன்னாடியே எழுதியிருக்காரு, சிதியர்கள்னு குதிரையில அலையிற ஒரு கூட்டம், சாவு வீட்டு சடங்கு முடிஞ்சதும் சின்ன கூடாரம் கட்டி, உள்ள பழுக்கக் காஞ்ச கல்லு மேல இந்த செடியோட விதைய போட்டு, வர்ற புகையில ஊளையிட்டு சந்தோஷப்படுவாங்கன்னு. கப்சான்னு நினைச்சிருக்கலாம், ஆனா 1940-கள்ல சைபீரியாவுல பாசிரிக்ங்கிற இடத்துல ருதென்கோங்கிற ரஷ்ய ஆய்வாளர் கல்லறைய தோண்டுனப்ப கூடாரக் கம்பு, பாத்திரம், கல்லு, கருகின விதைன்னு எல்லாம் அப்படியே பனிக்குள்ள இருந்துச்சு. கீழடியில பானை ஓடு வந்தா நம்ம எப்படி குதிக்கிறோம், அவருக்கு எப்படி இருந்திருக்கும்.

அமெரிக்கா கதை சுருக்கமா. 1937-ல கஞ்சாவ நேரா தடை பண்ணாம தாங்க முடியாத வரியும் கெடுபிடியும் போட்டு முடக்குனாங்க. அந்த சட்டத்துல "மரிஹுவானா"ன்னு மெக்சிகோ ஜனங்க சொல்ற பேரத்தான் போட்டாங்க, அது நம்ம எழுதிக் குடுக்குற மருந்துச் செடிதான்னு எங்க டாக்டர்களுக்கே தெரியலன்னு டாக்டர் சங்கத்து ஆளு போய் கத்துனாரு, யாரும் கேக்கல. அஞ்சு வருஷத்துல உலகப்போர், ஜப்பான் பிலிப்பைன்ஸ புடிச்சதும் கப்பல் கயிறுக்கு நார் வர்றது நின்னுச்சு, உடனே அதே அரசாங்கம் 1942-ல விவசாயிகளே இந்த செடிய போடுங்க, ஜெயிக்கணும்னு பிரச்சாரப் படமே எடுத்துச்சு. அதுக்கு முன்னாடி 1936-ல ஒரு பயமுறுத்துற படம் வந்துச்சு, ஒரு இழுப்பு இழுத்தா கொலை, தற்கொலை, பைத்தியம்னு. அத 1970-கள்ல காலேஜ் பசங்க காமெடிப் படமா ஓட்டி விழுந்து விழுந்து சிரிச்சாங்க. ஒரேடியா மிகைப்படுத்துனா அப்புறம் சொல்ற உண்மையையும் எவனும் நம்ப மாட்டான், அதான் அங்க நடந்தது.

420 நம்பர் வேற ஒரு கூத்து. நம்ம ஊர்ல 420ன்னா சீட்டிங் கேஸ், பழைய இந்திய தண்டனைச் சட்டத்து செக்ஷன், இப்ப 2024 ஜூலையில இருந்து அதுவும் 318 ஆயிருச்சு, ஆனாலும் ஏமாத்துக்காரன இன்னும் ஃபோர் ட்வென்டின்னுதான் திட்றோம். மேலை நாட்டுல 420ன்னா கஞ்சா, ஏப்ரல் 20-ம் தேதி கூட்டமே கூடுவாங்க. அது போலீஸ் கோடு, ரசாயன எண்ணிக்கைன்னு ஆயிரம் கதை சொல்வாங்க, எல்லாம் டூப். 1971-ல கலிபோர்னியாவுல சான் ரஃபேல் ஸ்கூல் பசங்க அஞ்சு பேரு, யாரோ கைவிட்டுட்டுப் போன கஞ்சாத் தோட்டம் ஒண்ணு காட்டுக்குள்ள இருக்குன்னு கேள்விப்பட்டு, தினம் சாயங்காலம் 4:20-க்கு ஸ்கூல்ல இருக்குற லூயி பாஸ்டர் சிலைகிட்ட கூடி தேடப் போனாங்க. தோட்டம் கடைசி வரைக்கும் கிடைக்கல, நேரம் மட்டும் உலகப் புகழ் ஆயிருச்சு. வெறிநாய்க்கடிக்கு தடுப்பூசி கண்டுபிடிச்ச பாஸ்டர், குன்னூர்ல நம்ம இன்ஸ்டிட்யூட்டுக்கு பேரா இருக்குற அதே பெரியவரு, அவர் சிலைக்கு கீழ இப்படி ஒரு திட்டம்.

இந்த டிஎச்சிய தனியா பிரிச்சு அதோட அமைப்ப கண்டுபிடிச்சது 1964-ல, இஸ்ரேல்ல ரஃபேல் மெக்கூலம்னு ஒரு விஞ்ஞானியும் அவர் கூட்டாளி கவோனியும். ஆராய்ச்சிக்கு சரக்கு வேணும்னு போலீஸ்கிட்டயே அஞ்சு கிலோ ஹஷீஷ், அதாவது சரஸ் மாதிரி பிசின் சரக்கு, வாங்கி பையில வச்சுக்கிட்டு பஸ்ல வந்தாராம், பஸ் பூரா வாசனை. அப்புறம் மூளைக்குள்ள இது போய் உக்கார்றதுக்குன்னே இடம் இருக்குன்னு தெரிஞ்சுச்சு, அப்ப நம்ம உடம்பே இதே மாதிரி ஒரு பொருள ஊற வைக்கணுமேன்னு தேடி 1992-ல அதையும் புடிச்சாங்க. அதுக்கு அவங்க வச்ச பேரு ஆனந்தமைடு, நம்ம ஆனந்தம் தான். செடி செய்ற வேலை என்னன்னா உடம்பு தானா அளவா செய்றத வெளியில இருந்து அளவில்லாம செய்றது. அதனாலதான் பசி, ஞாபகம், நேரக் கணக்கு எல்லாம் ஒரே நேரத்துல கலங்குது. மூளை வளர்ற வயசுல, அதாவது பள்ளிக்கூட, காலேஜ் வயசுல தொட்டவங்களுக்கு விட முடியாம போற வாய்ப்பும் மனநோய் வர்ற ஆபத்தும் அதிகம்ங்கிறதுல டாக்டர்களுக்கு பெரிய கருத்து வேறுபாடு இல்ல. இன்னொரு பக்கம், இதே செடியில இருக்குற, போதை ஏத்தாத சிபிடிங்கிற பொருள வச்சு குழந்தைங்களுக்கு வர்ற கடுமையான சில வலிப்புக்கு 2018-ல அமெரிக்காவுல மருந்து அனுமதிச்சாங்க. நம்ம சித்த மருத்துவத்துலயும் கஞ்சா உண்டு, ஆனா அரசாங்க விதியில சேராங்கொட்டை, எட்டி, ஊமத்தையோட சேத்து நச்சுப் பட்டியல்ல இருக்கு, டாக்டர் மேற்பார்வையில மட்டும்.

2020 டிசம்பர்ல ஐநா சபையில கஞ்சாவ ரொம்ப ஆபத்தானதுங்கிற பட்டியல்ல இருந்து எடுக்கலாமான்னு ஓட்டு போட்டாங்க. 27-க்கு 25ன்னு நூலிழையில ஜெயிச்சுச்சு, எடுக்கலாம்னு ஓட்டு போட்டதுல இந்தியாவும் ஒண்ணு. நம்ம ஆளுக பாதிப்பேருக்கு இது தெரியாது. ஆனா உள்ளூர் சட்டத்துல கஞ்சாவுக்கான தண்டனை மாறல. ஒரு கிலோவுக்கு கம்மின்னா சின்ன அளவு, ஒரு வருஷம் வரை ஜெயில் இல்லன்னா பத்தாயிரம் வரை அபராதம், ரெண்டும் சேந்தும் வரலாம். 20 கிலோவுக்கு மேல போனா வணிக அளவு, பத்துல இருந்து இருவது வருஷம், ஜாமீன் கிடைக்கிறது குதிரைக்கொம்பு. நம்ம மதுரையில இதுக்குன்னே சிறப்பு கோர்ட்டு இருக்கு. ஒரு காலத்துல வருசநாடு, கம்பம் பக்கத்து மலையிலயே தோட்டம் போட்டு போலீஸ் போய் அழிச்ச கதை உண்டு, இப்ப பிடிபடுறதுல பெரும்பாலும் ஆந்திரா, ஒடிசா மலைப்பக்கத்துல இருந்து வர்றதுதான்.

பிடிச்ச கஞ்சாவ ஸ்டேஷன்ல வச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கும் ஒரு கதை இருக்கு. 2022-ல 581 கிலோ கஞ்சாவ எலி தின்னுருச்சுன்னு போலீஸே கோர்ட்டுல சொன்னாங்க, நடந்தது மதுராவுல. நம்ம மதுரை இல்ல, திண்டுக்கல் பக்கத்து வடமதுரையும் இல்ல, கிருஷ்ணர் பொறந்த மதுரா. சிரிக்கிறதுக்கு முன்னாடி, அடுத்த வருஷமே சென்னையில 22 கிலோவுல பெரும்பகுதிய எலி தின்னுருச்சுன்னு சொல்லி ரெண்டு பேரு விடுதலை ஆனாங்க.

கடைசியா நம்ம விவசாயிக அடிக்கடி கேக்குற ஒண்ணு. ஹெம்ப் பயிரிட உத்தராகண்ட்ல 2018-ல லைசென்ஸ் குடுத்தாங்கன்னு நியூஸ் பாத்துட்டு, "ஹெம்ப்னா நம்ம மேலூர் பக்கம் வயல்ல தழை உரத்துக்கு விதைச்சு மடக்கி உழுகுற சணப்புதான, அதுக்கு எதுக்குண்ணே லைசென்ஸ்"னு கேப்பாங்க. சணப்பு வேற, அது அவரை, உளுந்து வகையறா, இங்கிலீஷ்ல அதுக்கும் ஹெம்ப்னு ஒரு வாலு ஒட்டியிருக்கு, அம்புட்டுதான். சாக்கு தைக்கிற சணல் அதுவும் வேற. உத்தராகண்ட்ல அனுமதிச்சது கஞ்சா செடியிலயே டிஎச்சி 0.3 சதவீதத்துக்குள்ள இருக்குற ரகம், நாருக்கும் விதைக்கும் மட்டும். அந்த மலை ஊர்கள்ல விதைய வறுத்து அரைச்சு சட்னியே வைப்பாங்க, போதை கிடையாது. 2021-ல உணவுத் தரக் கட்டுப்பாட்டு ஆணையமும் விதை, விதை எண்ணெய், மாவு மூணையும் உணவா ஒத்துக்கிடுச்சு, அதனால ஆன்லைன்ல ஹெம்ப் விதை வித்தா அது திருட்டு வேலை இல்ல. வாங்கி சட்னி அரைக்கலாம், ஆனா அதே செடிய லைசென்ஸ் இல்லாம மாடித்தோட்டத்துல தக்காளிக்கு பக்கத்துல ஒண்ணே ஒண்ணு வச்சாலும் சாகுபடின்னு கேஸ் ஆகும், பத்து வருஷம் வரைக்கும் ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம்.